தஞ்சாவூர் விமானத்துல ஏறின கருவி

திசைகாட்டி வடக்கைத்தான் காட்டும். நாம நிக்கிற இடத்தை வரைபடம்தான் சொல்லணும். அந்த வரைபடத்துக்கு அஸ்திவாரம் நம்ம தமிழ்நாட்டுலதான் விழுந்துச்சு.

1802-ல வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கம் சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தைச் சங்கிலி போட்டு அளந்தார். பிறகு உயரமான இடங்கள்ல ஏறி, தியோடலைட்டுல கோணம் பார்த்து, முக்கோணம் முக்கோணமா நாட்டை அளந்துக்கிட்டே போனார்.

நம்ம டெல்டாவுல மலை ஏது? தென்னை வேற கண்ணை மறைக்கும். அதனால கோயில்கள் மேல ஏறினாங்க. 1808-ல தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்துக்கு அரை டன் கருவியை ஏத்தும்போது கயிறு அறுந்து, சுவத்துல மோதி நசுங்கிருச்சு. லாம்ப்டனே வாரக்கணக்கா உக்காந்து சரி பண்ணினார்.

அவர் பேர் சரித்திரத்துல இருக்கு. கயிறு இழுத்தவங்க நம்ம பக்கத்து ஆளுங்களாத்தான் இருந்திருப்பாங்க. அவங்களையும் நினைச்சுக்குவோம்.