மூலையும் நாற்காலியும்

வாங்கி வந்த சப்-வூஃபரை எங்கே வைப்பது என்ற கேள்விக்குப் பெரும்பாலான வீடுகளில் பதில் சொல்வது காது அல்ல, கண். தொலைக்காட்சிக்கு அருகில் இடமிருந்தால் அங்கே. இல்லையேல் யார் காலிலும் இடறாத ஒரு மூலையில். மூலைக்குப் போனதும் ஓசை பெருகுவதைக் கேட்டு மகிழ்ந்தும் போகிறோம். சுவரோரம் அமர்ந்தவருக்கு வெறும் உறுமலாக ஒலிக்கும் அதே கீழ்ஸ்தாயி, அறை நடுவில் அமர்ந்தவருக்குக் காணாமல் போயிருக்கிறது என்பது பிறகுதான் தெரியவரும். இந்தச் சிறிய மனக்குறைக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. நல்ல ஒலி என்பது யாருக்கு நல்லது என்ற கேள்வியின் வரலாறு அது.

அதன் கணிதம் ஒலிபெருக்கிகளுக்கு முன்பே பிறந்துவிட்டது. ராலே பிரபு 1877-78-ல் வெளியிட்ட ஒலியியல் நூலின் இரு தொகுதிகளில், செவ்வக அறைக்குள் காற்று எவ்வாறு அதிரும் என்ற கணக்கும் உண்டு. ஆயிரம் ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 34 சென்டிமீட்டர்; நாற்பது ஹெர்ட்ஸுக்கோ எட்டரை மீட்டர். நம் அறையைவிட நீளமான அலை அது. ஐந்து மீட்டர் நீள அறையில் 34 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி இரு சுவர்களுக்கிடையே நிலைகொண்டுவிடுகிறது. சுவரோரங்களில் அது உச்சம். நட்டநடுவில் ஏறத்தாழ மௌனம். ஒலியை எவ்வளவு கூட்டினாலும் அந்த மௌனம் நிரம்புவதில்லை.

மூலையை ஒரு கருவியாகவே ஆக்கிக்கொண்டவர் பால் கிளிப்ஷ். கீழ்ஸ்தாயியைத் திறம்பட ஒலிக்கக் கொம்பு வடிவ ஒலிபெருக்கிக்கு மிகப் பெரிய வாய் வேண்டும். அவ்வளவு பெரிய கொம்பு எந்த வீட்டு வாசலிலும் நுழையாது. கிளிப்ஷ் கொம்பை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். அதன் கடைசிப் பகுதியாக அறைமூலையின் இரு சுவர்களையும் தரையையும் பயன்படுத்தினார். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹோப் என்னும் சிற்றூரில் 1946-ல் அவர் தொடங்கிய தொழில் அதன்மீதுதான் எழுந்தது. மிகக் குறைந்த மின்சக்தியில் பெரும் ஓசை. அதற்கு விலை, வாகான மூலைகள் உள்ள ஓர் அறை.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1954-ல், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எட்கர் வில்சூரும் ஹென்றி க்ளாஸும் நேரெதிர் வழியில் சென்றார்கள். காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டி. உள்ளே அடைபட்ட காற்றே கூம்புக்கு வில்லாக அமைந்தது. சக்தி அதிகம் தேவைப்பட்டது உண்மை. ஆனால் ஆழமான கீழ்ஸ்தாயிக்குப் பேழை போன்ற பெட்டி வேண்டும் என்ற நியதி தளர்ந்தது. ஒலிபெருக்கி புத்தக அலமாரிக்குக் குடிபெயர்ந்தது.

மூலையைவிட்டு வந்தாலும் சுவர்கள் விட்டுவிடவில்லை. ராய் ஆலிசன் 1974-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. ஒலிபெருக்கியிலிருந்து தரையும் இரு சுவர்களும் ஒரே தொலைவில் இருந்தால், திரும்பி வரும் அலைகள் ஒன்றுசேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை விழுங்கிவிடுகின்றன. ஆகவே அந்த மூன்று தொலைவுகளும் வெவ்வேறாக இருப்பதே நலம்.

அதே 1974-ல் 'எர்த்குவேக்' திரைப்படம் அரங்கங்களில் பெரும் பெட்டிகளை வைத்து இருக்கைகளை அதிரச் செய்தது. 1992-ல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்துடன் வந்த டால்பி டிஜிட்டல், அதிர்வுக்கென்றே தனித் தடம் ஒன்றைக் கொண்டிருந்தது. அந்த முறை வீட்டுக்கு வந்தபோது சப்-வூஃபரும் உடன் வந்தது. சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி வரும் திசையைக் காது எளிதில் அறியாது என்பதால், எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்று பலரும் நம்பினர். எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாததும், எங்கே வைத்தாலும் ஒரே மாதிரி கேட்பதும் ஒன்றல்ல.

பழைய கேள்வியைத் திருப்பிப் போட்டவர் டாட் வெல்டி. 2002-ல் அவர் முன்வைத்த ஆய்வு, ஓர் இருக்கையில் மட்டுமல்லாமல் எல்லா இருக்கைகளிலும் ஒலி எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்த்தது. விடை வியப்பானது. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக இரு பெட்டிகள் இருந்தால், நிலைகொள்ளும் முதல் அலையை ஒன்று எழுப்ப, மற்றொன்று தணித்துவிடுகிறது. நான்கு சுவர்களின் நடுவில் நான்கு வைத்தால் இன்னும் நன்று. நான்கிற்கு மேல் பெரிய பயனில்லை. மூலை தருவது மிகுதி. இந்த ஏற்பாடு தருவது சமத்துவம்.

ஒரே பெட்டி வாங்க மட்டுமே வசதியுள்ளவருக்கும் ஒரு வழி உண்டு. அதை வழக்கமாக நாம் அமரும் நாற்காலியில் ஏற்றி வைத்து, பழகிய பாட்டு ஒன்றை ஒலிக்கவிட்டு, தரையில் தவழ்ந்தபடி சுவரோரமெங்கும் கேட்டுப் பார்க்க வேண்டும். எங்கே கீழ்ஸ்தாயி சீராகக் கேட்கிறதோ அங்கே பெட்டி, பெட்டி இருந்த இடத்தில் நாம். ஒலி எழும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் விளைவு மாறாது என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860-லேயே நிறுவியிருந்தார்.

ஆனால் அப்படிக் கண்டடையும் இடம் அந்த ஒரு நாற்காலிக்கு மட்டுமே உரியது. அடுத்த நாற்காலியில் அமர்பவருக்காக இன்னொரு முறை தவழ்ந்து பார்ப்பவர்கள் மிகச் சிலரே.