நாலு அவதாரம் எடுத்த பால்டிக் கடல்

ஒன்பது நாடுகள் சுற்றி உட்கார்ந்திருக்கும் பால்டிக் கடல், பூமிக் கணக்கில் நேற்றுப் பிறந்த குழந்தை. ஆனால் அதற்குள் ஏரி, கடல், மறுபடி ஏரி, மறுபடி கடல் என்று நாலு அவதாரம் எடுத்துவிட்டது!

பனியுக முடிவில் உருகிய நீர் தேங்கி முதலில் ஒரு பெரிய ஏரி உண்டானது. சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன்பு ஸ்வீடனின் பில்லிங்கன் மலைப்பக்கம் பனி விலக, ஏரி மட்டம் 25 மீட்டர் போல இறங்கியது. அந்த வழியாகக் கடல் நீர் உள்ளே வந்தது: யோல்டியா கடல். நிலம் உயர்ந்து வாசல் அடைபட்டதும் ஆன்சிலஸ் ஏரி. அப்புறம் டென்மார்க் ஜலசந்திகள் வழியே உப்பு நீர் புகுந்து லிட்டோரினா கடல்.

இவை ராஜாக்களின் பெயர்கள் இல்லை நண்பர்களே, வண்டலில் கிடைத்த ஓடுகளின் பெயர்கள். யோல்டியா குளிர்ந்த உப்பு நீர்ச் சிப்பி. ஆன்சிலஸ் நன்னீர் நத்தை. லிட்டோரினா கடல் நத்தை. எந்த அடுக்கில் எந்த ஓடு என்று பார்த்தே அன்றைய தண்ணீரின் ருசியைச் சொல்லிவிடலாம். பழைய வவுச்சரை வைத்துக் கணக்கைச் சரிபார்ப்பது மாதிரிதான் (பி.காம் புத்தி!).

வாசல் மூடும்போது உள்ளே இருந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். நிலம் உயர்ந்ததில் பின்லாந்தின் சைமா ஏரியில் ஒரு சீல் கூட்டம் மாட்டிக்கொண்டது. அதன் வாரிசுகள் இன்றும் நன்னீரிலேயே வாழ்கின்றன. மொத்தமே சில நூறுதான். குட்டி போடப் பனிக்குவியல் வேண்டும். பனி குறைந்த வருஷங்களில் தன்னார்வலர்கள் மண்வெட்டியால் குவித்துக் கொடுக்கிறார்கள்.

இன்றைய பால்டிக்கில் உப்பு ரொம்பக் குறைவு. பெருங்கடலில் கிலோவுக்கு 35 கிராம் என்றால் நடு பால்டிக்கில் மேல்மட்ட நீரில் ஏழெட்டு கிராம்தான். மரம் அரிக்கும் கப்பல் புழுவுக்கு இது போதாது. அதனால்தான் 1628-ல் மூழ்கிய வாசா கப்பலை 1961-ல் ஏறக்குறைய முழுசாகத் தூக்க முடிந்தது.

கப்பலைக் காப்பாற்றிய அதே உப்புக் குறைவு காட் மீனுக்கு எமன். கிழக்கு பால்டிக்கில் அதன் முட்டை மிதக்கக் கிலோவுக்குச் சுமார் 11 கிராம் உப்பு வேண்டும். அவ்வளவு உப்பு ஆழத்தில்தான் இருக்கிறது. ஆனால் வயல்களிலிருந்து வரும் உரத்தால் பாசி பெருகி, அழுகி, ஆழத்து ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. மேலே இருந்தால் மிதக்காது, கீழே போனால் மூச்சு இல்லை. போதாததற்கு வருஷக்கணக்காக அளவு மீறிப் பிடித்தாயிற்று. 2019-ல் ஐரோப்பிய ஒன்றியம் அங்கே காட் பிடிப்பதற்குத் தடை போட்டது. மீன் இன்னும் தேறவில்லை.