முகமில்லாத கிறிஸ்து

கலையைப் பற்றி நம் இறைமக்களிடையே பேச்செழுந்தால் இரண்டே தீர்ப்புகள்தாம் பெரும்பாலும் வழங்கப்படுகின்றன. ஒன்று, "அச்சு அசலாக உயிரோடு இருப்பதுபோல் இருக்கிறது". மற்றது, "என்னவென்றே விளங்கவில்லை". முன்னது உருவக்கலை, பின்னது அருவக்கலை. முன்னதே பக்திக்கு உகந்தது என்பது பலரது முடிவு. திருச்சபையின் வரலாறோ இம்முடிவை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்வதாக இல்லை.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உரோமையில் கார்மேல் துறவியரின் ஆலயம் ஒன்றிற்காக மரியன்னையின் மரணத்தைக் கரவாஜ்ஜோ தீட்டினார். வானதூதர் இல்லை, மேகமில்லை. வெறுங்காலுடன், வீங்கிய உடலுடன், உண்மையிலேயே இறந்துபோன ஓர் ஏழைப்பெண் கிடக்கிறாள். சுற்றிலும் திருத்தூதர்கள் குனிந்து அழுகின்றனர். இதைவிட உள்ளது உள்ளபடியான ஓவியம் வேறென்ன வேண்டும்? ஆயினும் துறவியர் அதை ஏற்க மறுத்தனர். இளம் ஓவியரான ரூபன்ஸின் பரிந்துரையால் மாந்துவா நாட்டுக் கோமகன் அதை வாங்கினார். இன்று அது பாரிசு மாநகரின் லூவ்ர் காட்சியகத்தில் இருக்கிறது.

ஆக, நாம் "தத்ரூபம்" என்று போற்றுவது உண்மையில் தத்ரூபம்தானா? நம் இல்லங்களில் விளக்கேற்றி வைத்திருக்கும் திருஇருதய ஆண்டவர் படத்தையே எடுத்துக்கொள்வோம். உரோமையிலுள்ள இயேசு ஆலயத்திற்காக 18ஆம் நூற்றாண்டில் பொம்பெயோ பத்தோனி தீட்டிய படத்தின் வழியில் வந்தது அது. அந்த மென்மையான முகமும் சுருண்ட கூந்தலும் ஒரு காலத்தின் நயம். ஆண்டவரை நேரில் கண்டு எழுதியவை அல்ல. அப்படத்தின்முன் செபித்து வளர்ந்தவன் நான். அதைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆனால் அதுவும் ஒரு பாணியே.

இனி, பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையிலுள்ள அஸ்ஸி என்னும் ஊருக்கு வருவோம். காசநோயாளருக்கான மருத்துவ இல்லங்கள் நிறைந்திருந்த ஊர் அது. அங்கே 1950ஆம் ஆண்டு அருள்பொழிவு பெற்ற அன்னையின் ஆலயத்திற்கு, தொமினிக்கன் துறவியான கூத்தூரியே அடிகளார் அக்காலத்தின் தலைசிறந்த கலைஞர்களை அழைத்திருந்தார். ரூவோ ஆழ்ந்த கத்தோலிக்கர், லெஜே பொதுவுடைமைவாதி, லிப்ஷித்ஸ் யூதர். நம்பிக்கையுள்ள திறமையற்றவரைவிட நம்பிக்கையற்ற மேதையே மேல் என்பது அடிகளாரின் கொள்கை. (இதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. மேதைமையை மட்டும் நம்பினால், ஆலயத்தில் மண்டியிடும் மூதாட்டி மறக்கப்படலாம்.)

பீடத்திற்கான பாடுபட்ட சுரூபத்தை ஜெர்மேன் ரிஷியே என்ற பெண் சிற்பி வெண்கலத்தில் வார்த்தார். அதை முழு அருவக்கலை எனச் சொல்ல முடியாது. விரிந்த கரங்கள் தெரிகின்றன, ஆனால் முகமில்லை. எது மரம், எது தசை என்று பிரித்தறிய முடியாதபடி உடலும் சிலுவையும் ஒன்றாகிவிட்டிருக்கின்றன. துன்புறும் ஊழியன் காண்போர் விரும்பத்தக்க தோற்றமின்றி இருந்ததாக எசாயா கூறுவதையே அவர் மனத்தில் கொண்டிருந்தார்.

எதிர்ப்பு கிளம்பியது. இறைநிந்தை என்றே சிலர் எழுதினர். 1951இல் ஆன்சி மறைமாவட்ட ஆயரின் ஆணைப்படி சுரூபம் பீடத்திலிருந்து அகற்றப்பட்டது. மறு ஆண்டு உரோமையிலிருந்து வந்த அறிவுரையும் திருக்கலையில் புதுமை தேடுவோரைக் கண்டித்தது. ஆயர்மீது பழிபோடுவது எளிது. தம் மந்தையில் பலர் அதன்முன் செபிக்க இயலாமல் தவிக்கும்போது மேய்ப்பர் என்ன செய்வார்? ஆனால் அந்த மந்தையில் நோயாளரும் இருந்தனர். அவர்களுள் பலர் அச்சுரூபத்தை நேசித்தனர். நுரையீரல் அரிக்கப்பட்டு, உடல் தேய்ந்து மரணத்தை எதிர்நோக்கிக் கிடந்தவர்களுக்கு அந்த உருக்குலைந்த கிறிஸ்து விளங்காத புதிராக இல்லை. அவர் தங்களில் ஒருவராயிருந்தார். கரவாஜ்ஜோவின் ஓவியத்தைத் துறவியர் மறுத்ததும், இச்சுரூபத்தை நலமாயிருந்தோர் மறுத்ததும் ஒரே அச்சத்தினால் என்றே எனக்குத் தோன்றுகிறது: சாவு சாவாகவே தெரிந்துவிட்டது.

எளிய மக்களுக்கு அருவக்கலை எட்டாது என்பதும் ஆராயத்தக்கதே. அதே பிரான்சில், தொழிலாளர் வாழும் ஓதன்கூர் பங்கின் திருமுழுக்குச் சிற்றாலயத்தைச் சூழ்ந்திருக்கும் பசேனின் கண்ணாடிச் சன்னல்களில் உருவம் எதுவுமில்லை. வண்ணமும் ஒளியுமே உண்டு. தண்ணீரும் ஒளியும் கலக்கும் அந்த இடத்தில் வேறு உருவம் தேவைப்படவுமில்லை.

1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருவழிபாடு பற்றிய தன் கொள்கை விளக்கத்தில், எந்தக் கலைப்பாணியையும் தனக்கே உரியதாகத் திருச்சபை கொண்டதில்லை என்று அறிவித்தது. மறு ஆண்டே திருத்தந்தை ஆறாம் பவுல் சிஸ்டைன் சிற்றாலயத்தில் கலைஞர்களைச் சந்தித்து, அவர்களுக்குத் திருச்சபை இழைத்த வருத்தங்களுக்காக மன்னிப்பும் வேண்டினார். 1973இல் வத்திக்கான் அருங்காட்சியகத்தில் நவீன சமயக்கலைக்கென்றே ஒரு பகுதியைத் திறந்துவைத்தார்.

ரிஷியேயின் கிறிஸ்துவும் பல ஆண்டுகளுக்குப்பின் அஸ்ஸி ஆலயத்தின் பீடத்திற்குத் திரும்பினார். அதற்குள் காசநோய்க்கு மருந்து வந்துவிட்டது. அவரை முதலில் அடையாளம் கண்டுகொண்ட நோயாளரில் எத்தனை பேர் அந்நாளைக் கண்டார்களோ!