இரணைதீவுக் கடலில் ஒரு விமானம்

1998 செப்ரெம்பர் 29. பலாலியில் இருந்து கொழும்புக்குக் கிளம்பின லயன் எயார் விமானத்தோட தொடர்பு கொஞ்ச நேரத்திலேயே அறுந்து போச்சு. உள்ளே 55 பேர். பெரும்பாலும் தமிழர்கள். ஏ9 பாதை பூட்டிக் கிடந்த காலம் அது. கொழும்புக்குப் போகக் கப்பல், இல்லாட்டி விமானம். மன்னாருக்கு வடக்கே இரணைதீவுக் கடலில் அது விழுந்தது. புலிகள் சுட்டு வீழ்த்தியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது.

நாங்கள் 'லயன் எயார்' என்று சொல்லும் அந்த அன்ரனோவ் 24 விமானம் உண்மையில் பெலாரஸ் நாட்டின் கோமெல்ஏவியா நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்தது. பதிவு இலக்கம் ஈடபிள்யூ-46465. 'ஈடபிள்யூ' என்றால் பெலாரஸ். சோவியத் காலத்தில் எல்லா விமானத்துக்கும் ஒரே முன்னெழுத்துத்தான். 1991இல் நாடு உடைந்த பிறகு ஒவ்வொரு நாடும் தன் எழுத்தைப் போட்டுக்கொண்டது. பின்னால் இருந்த ஐந்து இலக்கத்தைப் பல விமானங்களில் அப்படியே விட்டுவிட்டார்கள். ஆக, உடம்பில் எழுதியிருக்கிற பெயர் மாறக்கூடியது. தொழிற்சாலை கொடுத்த தொடர் இலக்கம் மாறாது.

பாகங்களின் கதைதான் சிக்கல். எங்கட கரையில் ஒரு வள்ளத்துக்குப் பலகை மாத்தி, எஞ்சின் மாத்தினாலும் அது அதே வள்ளம்தான். கழட்டின பலகை எங்கே போனது என்று ஒருவரும் கேட்பதில்லை. விமானத்தில் கேட்பார்கள். ஒரு விமானத்தில் கழட்டிப் பழுதுபார்த்த எஞ்சின் இன்னொன்றில் ஏறலாம். அதனால் எஞ்சினுக்கும் தனிப் பதிவேடு: எத்தனை மணிநேரம் ஓடியது, எந்த விமானத்தில் இருந்தது, யார் திறந்தது எல்லாம் அதில் இருக்கும். இது வெறும் அலுவலகக் கடதாசி வேலை இல்லை. 1989இல் டென்மார்க் கடலில் விழுந்த பார்ட்னெயார் விமானத்தின் வால் பகுதியில் தரமற்ற போலி ஆணிகள் இருந்ததை விசாரணை கண்டுபிடித்தது. அதிலும் செத்தது 55 பேர்.

இந்த இலக்கங்கள் கடலையும் தாண்டிப் பேசும். 2015 யூலையில் ரீயூனியன் தீவில் ஒதுங்கிய சிறகுத் துண்டில் அடையாளத் தகடே இல்லை. உள்ளே இருந்த இலக்கங்களை எடுத்து, ஸ்பெயினில் அந்தப் பாகத்தைச் செய்த நிறுவனத்தின் பதிவுகளோடு பொருத்தித்தான் அது காணாமல்போன எம்எச்370 உடையது என்று உறுதிசெய்தார்கள்.

இரணைதீவில் 14 வருடம் ஒன்றும் மேலே வரவில்லை. 2012இல் கைதான முன்னாள் போராளி ஒருவர் சொன்ன தகவலை வைத்துத்தான் அந்த ஒக்டோபரில் கடற்படைச் சுழியோடிகள் சிதைவுகளைக் கண்டார்கள். 2013 மே மாதம் பாகங்கள் வெளியே வந்தன.

உலோகத்துக்கு இலக்கம் உண்டு. சட்டைக்கு, சாரிக்கு? 2014 ஜனவரியில், கடலடியில் இருந்து எடுத்த உடுப்புகளை யாழ்ப்பாணத்தில் பார்வைக்கு வைத்து, உறவினர்களை வந்து அடையாளம் காட்டச் சொன்னார்கள். 15 வருடத்துக்கு முந்தின ஒரு செவ்வாய்க்கிழமை, வீட்டை விட்டு வெளிக்கிடேக்க அவர் என்ன உடுத்திருந்தார் என்று ஞாபகத்தில் இருந்து எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.