பணிப்பதிவேட்டுக்குள் ஒரு குடும்பம்: நாச்சாரம் வட்டார ரயில்வே தொழிலாளரின் நெடுவாழ்வு

முன்னுரை

ஐதராபாத்தின் கிழக்குப் பகுதியில், மௌலா அலிக்கும் தார்நாகாவுக்கும் அருகில் உள்ளது நாச்சாரம். லாலாகுடா ரயில்வே பணிமனை அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவுதான். ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் மறைந்தால், நாற்பது வருட சர்வீஸையும் பிள்ளைகளைப் படிக்கவைத்ததையும் பேரப்பிள்ளைகளைக் கண்டதையும் சொல்லி நினைவுகூர்வது வழக்கம். அந்த நிறைவை அவருடைய உழைப்புக்கும் ஒழுக்கத்துக்கும் கிடைத்த பலனாகவே கருதுகிறோம். அதற்கு அடியில் பணிவிதிகளின் வரலாறும் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1. வாயில் ஒன்று, பெயர் பல

வாடி–செகந்திராபாத் பாதை 1874இல் திறக்கப்பட்டது. 1883இல் உருவான நிஜாம் உத்தரவாத அரசு ரயில்வே கம்பெனி 1889இல் அதைப் பெஜவாடா வரை கொண்டுசென்றது. லாலாகுடா பணிமனை 1893இல் எழுந்தது. 1930இல் நிஜாம் அரசே கம்பெனியை வாங்கிக்கொண்டது.

1929இல் பிறந்து, 1947இல் 18 வயதில் அந்தப் பணிமனையில் சேர்ந்த தொழிலாளர் ஒருவரை ஆய்வின் வசதிக்காகக் கற்பனை செய்துகொள்வோம். சேரும்போது அவர் நிஜாம் ரயில்வேயின் ஆள். 1951 நவம்பரில் மத்திய ரயில்வேயின் ஆள். 1966 அக்டோபர் 2 முதல், செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென் மத்திய ரயில்வேயின் ஆள். மன்னராட்சி போய் மக்களாட்சி வந்தது. மாநில எல்லைகள் மாறின. அவர் நுழையும் வாயில் மட்டும் மாறவில்லை.

2. பி.எஃப். தொகையும் பென்ஷனும்

அவர் சேர்ந்த காலத்தில் ஓய்வு என்றால் கையில் மொத்தமாக வாங்கும் பி.எஃப். பணம்தான். வீடு, மகள் திருமணம், கடன் என்று அது கரைந்தபின் முதுமை பிள்ளைகளின் கையில். 1957 நவம்பர் 16 முதல் ரயில்வேயில் பென்ஷன் திட்டம் வந்தது. ஏற்கெனவே பணியில் இருந்தவர்கள் பி.எஃப்., பென்ஷன் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யலாம். மொத்தத் தொகையா, மாதாமாதம் வரும் பணமா என்ற கேள்வி, எவ்வளவு காலம் உயிரோடு இருப்போம் என்ற கணக்கும்கூட.

1964இல் வந்த குடும்ப பென்ஷன் அடுத்த மாற்றம். தொழிலாளர் மறைந்த பிறகும் மனைவிக்கு மாத வருமானம் தொடர்ந்தது. ரயில் பயணப் பாஸ் விண்ணப்பத்திலும் ரயில்வே குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டிலும் ஏற்கெனவே இடம்பெற்றிருந்த குடும்பம், இப்போது முதுமைக் கணக்கிலும் ஏறியது. அரசின் ஏட்டிலும் அவர் குடும்பஸ்தர் ஆனார்.

3. 1974: குவார்ட்டர்ஸின் மறுபக்கம்

இந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலை இருந்தது. 1974 மே 8 அன்று ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் நாடு தழுவிய ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கி இருபது நாள் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் கைதாயினர், பல ஊர்களில் ரயில்வே காலனிகளிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. குடியிருக்கக் கொடுத்த வீடே தொழிலாளரைப் பணியவைக்கும் கருவியும் ஆயிற்று. நம் தொழிலாளருக்கு அப்போது வயது 45. அந்த வயதில் வேலைநிறுத்தம் என்பது வீட்டாரையும் சேர்த்துத்தான்.

4. இரண்டு முதுமைகள்

ஓய்வு வயது 1962 இறுதியில் 55இலிருந்து 58 ஆனது. அதன்படி அவர் 1987இல் ஓய்வுபெற்றிருப்பார். தொண்ணூறு வயது வரை வாழ்ந்தால் சர்வீஸ் நாற்பது ஆண்டு, பென்ஷன் முப்பத்திரண்டு ஆண்டு.

நாச்சாரம் தொழிற்பேட்டையும் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் உள்ள இடம். அங்குள்ள தனியார் ஆலைத் தொழிலாளருக்கு இன்றைய பென்ஷன் திட்டம் 1995இல்தான் வந்தது. 2014இல் அதன் குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாயாக வைக்கப்பட்டது. ஒரே தெருவில், ஒரே அளவு வியர்வை சிந்திய இருவரின் முதுமை ஒன்றாக இல்லை.

முடிவுரை

நெடுவாழ்வை நினைவுகூரும்போது மனிதரைப் போற்றுவது சரியே. அவரை நிம்மதியாக மூப்படைய விட்ட விதிகளையும் அதே மூச்சில் நினைக்க வேண்டும். 2004 ஜனவரி முதல் ரயில்வே பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை. 2025 ஏப்ரலில் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் வந்திருக்கிறது. 1957இல் லாலாகுடாத் தொழிலாளர்கள் முன் எழுந்த அதே கேள்வி அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் முன் மீண்டும் விண்ணப்பப் படிவமாக நிற்கிறது.