கழுவிய வண்ணங்கள்

கர்நாடகத்தின் தங்கவயலுக்குப் புதிதாக வரும் விருந்தாளியை ஊர்க்காரர்கள் கூட்டிப்போய்க் காட்டும் இடம் சயனைட் மேடு. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கால் வைத்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்படும் வரை, பாறையை மாவாக இடித்து, பின்னாட்களில் சயனைட் கரைசலில் கரைத்து, தங்கத்தை எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கொட்டிக்கொண்டே வந்தார்கள். அந்தக் குப்பை குன்றுகளாக வளர்ந்து நிற்கிறது. காற்றடித்தால் ஊர் முழுக்கத் தூசி. 2018இல் வந்த ‘கேஜிஎஃப்’ படத்துக்கு அந்தக் குன்றுகளே களமாயின. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை 13 மேடுகளை, சுமார் 1,003 ஏக்கர் பரப்பை, மறுபடி சலித்துத் தங்கம் எடுக்க ஒப்புதல் கொடுத்தது. வேண்டாமென்று கொட்டியதற்கு விலை வந்துவிட்டது.

கொட்டிய மிச்சத்துக்கு விலை வந்த இன்னொரு தொழில் உண்டு. கார்ட்டூன் படத்துக்கு வண்ணம் தீட்டும் தொழில்.

செல் என்றால் இன்று கைப்பேசி. கார்ட்டூன்காரர்களுக்கு அது கண்ணாடிபோலத் தெளிந்த செல்லுலாயிட் தாள். 1914இல் அமெரிக்காவின் ஏர்ல் ஹர்ட் இதைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை கோரினார். அதற்கு முன்பு ஒவ்வொரு படத்துக்கும் பின்னணியையும் சேர்த்தே வரைய வேண்டியிருந்தது. செல் வந்ததும் பின்னணியை ஒரே தடவை தீட்டிவிட்டு, அசையும் உருவத்தை மட்டும் தாள் தாளாக அதன்மேல் வைத்துப் படம்பிடிக்க முடிந்தது. அப்படியும் வேலை குறைந்துவிடவில்லை. திரையில் நொடிக்கு 24 சட்டகம். ஒரு வரைபடத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தினாலும் நிமிடத்துக்கு 720 ஓவியம். பென்சிலில் வரைபவர் கலைஞர், அவர் பெயர் திரையில் வரும். அந்த 720ஐயும் மையிட்டு, வண்ணமிட்டு, உலர்த்தியவர்களின் பெயர் பெரும்பாலும் வராது. டிஸ்னியில் இந்தப் பிரிவு முழுக்கப் பெண்கள். 1930களில் வரைபலகைப் பக்கம் அவர்களுக்கு அநேகமாக இடமே தரப்படவில்லை.

நம் ஊரில் தொடக்கம் எளிமையானது. தாதாசாகேப் பால்கே 1915இல் தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்தி ஒரு படம் எடுத்தார். சென்னையில் ஜெமினி ஸ்டுடியோ 1947இல் ‘சினிமா கதம்பம்’ என்ற கார்ட்டூனைச் செய்து பார்த்தது. கறுப்பு வெள்ளைக் காலத்தில் வண்ணம் என்பதே சாம்பலின் பல படிகள்தான். முறையான பட்டறை 1956இல் அமைந்தது. பம்பாயில் ஃபிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவைத் தொடங்க, அமெரிக்க உதவித் திட்டத்தின் கீழ் கிளேர் வீக்ஸ் என்பவர் பாடம் சொல்லிக்கொடுக்க வந்தார். டிஸ்னியில் வேலை பார்த்தவர். பாதிரியார் குடும்பத்துப் பிள்ளையாக இந்தியாவிலேயே பிறந்தவர். 1957இல் ஒரு ஜாதகக் கதை, ‘தி பன்யன் டியர்’ என்ற படமாக வெளிவந்தது. அங்கே பயிற்சிக்குச் சேர்ந்த இளைஞர்களில் ஒருவர் ராம் மோகன். பின்னாளில் இந்திய அனிமேஷனின் தந்தை என்று அவரைத்தான் சொன்னார்கள்.

வண்ணம் தீட்டும் மேசையை இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். செல்லின் முன்பக்கத்தில் மைக்கோடு, பின்பக்கத்தில் வண்ணம். தூரிகையால் தேய்த்தால் வரிவரியாகத் தெரியும் என்பதால், கெட்டியான வண்ணத்தைச் சொட்டாக விட்டு, கோட்டின் ஓரம் வரைக்கும் மெல்லத் தள்ளிக்கொண்டு போவார்கள். பின்பக்கமாகத் தீட்டுவதால் முதலில் வைத்த நிறமே முன்னால் தெரியும். கண்ணில் மணியை வைத்துவிட்டுத்தான் வெள்ளையை வைக்க வேண்டும். விரல் ரேகை பதியாமலிருக்கப் பருத்திக் கையுறை. இத்தனைக்கும் மேலே ஒரு சூட்சுமம்: செல் கண்ணாடிபோல இருந்தாலும் முழுத் தெளிவில்லை. நாலைந்து தாளை அடுக்கினால் அடியில் உள்ள நிறம் மங்கிப்போகும். ஒரே சட்டையின் சிவப்பை மேல் தாளுக்கு ஒரு கலவையாகவும் அடித்தாளுக்குச் சற்று வெளுப்பாகவும் கரைத்து, புட்டிகளில் எண் ஒட்டி வைத்திருப்பார்கள். புட்டி மாறிப்போனால் நடந்துவரும் கதாநாயகனின் சட்டை நடுவழியில் நிறம் மாறும். சமையல்கட்டில் உப்புக்கும் சர்க்கரைக்கும் நேரும் குழப்பம் மாதிரி, தவறு நடந்து முடிந்த பிறகுதான் தெரியவரும்.

1961இல் மைக்கோடு போட்டவர்களின் வேலை முதலில் போனது. ‘101 டால்மேஷியன்ஸ்’ படத்துக்காக டிஸ்னியின் அப் ஐவர்க்ஸ் ஜெராக்ஸ் இயந்திரத்தை மாற்றியமைத்து, பென்சில் கோட்டை நேரே செல்லில் ஏற்றினார். புள்ளி புள்ளியாக அத்தனை நாய்களைக் கையால் பிரதி எடுப்பது யாருக்கும் கட்டுப்படியாகாது என்பது உண்மைதான். வண்ணம் தீட்டியவர்கள் இன்னும் முப்பது வருடம் தாக்குப்பிடித்தார்கள்.

கணினி அவர்கள் மேசைக்கு வரத் தடையாக நின்றது பென்சில்தான். ஸ்கேன் செய்த பென்சில் கோடு சட்டென்று கறுப்பாகத் தொடங்கி சட்டென்று முடிவதில்லை; ஓரத்தில் சாம்பலாகக் கரையும். சாதாரண முறையில் வண்ணத்தை நிரப்பினால் அந்தச் சாம்பலைச் சுவரென்று நினைத்து நின்றுவிடும்; கோட்டுக்கும் வண்ணத்துக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பிசிறு மிஞ்சும். 1979இல் கணினி ஆராய்ச்சியாளர் ஆல்வி ரே ஸ்மித் எழுதிய ‘டின்ட் ஃபில்’ கட்டுரை இந்தச் சிக்கலுக்கு விடை சொன்னது. சாம்பல் படிகளை அப்படியே விட்டுவிட்டு அவற்றுக்குள்ளும் நிறம் ஊறும்படி செய்தது அவருடைய முறை. பத்து வருடம் கழித்து, பிக்ஸாருடன் சேர்ந்து டிஸ்னி உருவாக்கிய கேப்ஸ் என்ற அமைப்பு ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ படத்தின் இறுதிக் காட்சியில் சோதித்துப் பார்க்கப்பட்டது. 1990இல் வந்த ‘தி ரெஸ்க்யூயர்ஸ் டவுன் அண்டர்’ முழுக்க அதிலேயே தீட்டப்பட்டது.

புதிய மேசைக்கும் புதிய தொல்லை உண்டு. பென்சில்காரர் அவசரத்தில் முழங்கைக்கும் சட்டைக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி விட்டிருந்தால், ஒரு சொடுக்கில் விட்ட வண்ணம் அந்த ஓட்டை வழியே கசிந்து திரை முழுக்கப் பரவிவிடும். பெரிதாக்கிப் பார்த்து, ஓட்டையைத் தேடி அடைத்துவிட்டு, மறுபடி சொடுக்க வேண்டும். நிழல் விழும் எல்லையைச் சிவப்பு அல்லது நீலப் பென்சிலால் வரைந்துவிட்டால், வண்ணம் நிரம்பியதும் அந்தக் கோட்டை மென்பொருளே விழுங்கிவிடும். சட்டையின் சிவப்பு பிடிக்கவில்லையா? பட்டியலில் ஒரு எண்ணை மாற்றினால் ஆயிரம் சட்டகமும் கூடவே மாறும். எண் ஒட்டிய புட்டிகளுக்கு வேலையில்லாமல் போனது.

1999இல் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் டூன்ஸ் நிறுவனம் தொடங்கியது. அங்கே உருவான தெனாலிராமன் தொடர் 2003இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் ஓடியது. ஏறக்குறைய இதே வருடங்களில்தான் தங்கவயலில் சுரங்கம் மூடி, ஊரின் மாரிக்குப்பம் நிலையத்திலிருந்து விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போவது ஊர் வழக்கமாகிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் கணினிக்கு மாறிய பிறகும் ஜப்பானில் ‘சஸே-சான்’ என்ற தொலைக்காட்சித் தொடர் 2013 வரை செல்லை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

செல்களுக்கு என்ன ஆனது? செல்லுலாயிட் தாள் விலை கூடிய சரக்கு. படம்பிடித்து முடிந்ததும் வண்ணத்தைக் கழுவிவிட்டு, அதே தாளில் அடுத்த காட்சியைத் தீட்டினார்கள். வாரக்கணக்கில் தீட்டியது கழுநீரோடு போகும். ‘ஸ்னோ ஒயிட்’ வெளிவந்த பிறகு, 1938இல், சான் ஃபிரான்சிஸ்கோவின் கூர்வாஸியே கேலரி மிச்சமிருந்த செல்களை வாங்கிச் சட்டமிட்டு விற்கத் தொடங்கியது. இன்று ஏலக்கூடங்களில் அவற்றுக்குப் பெரும் போட்டி. மென்பொருளில் தீட்டிய படத்துக்கு அப்படி ஒரு மேடு கிடையாது. பென்சில் தாள் மிஞ்சும், வண்ணம் மிஞ்சாது. டேப்லெட்டில் வரையத் தொடங்கிய பிறகு தாளும் மிஞ்சுவதில்லை.

யூகோ சாகோ என்ற ஜப்பானியரும் ராம் மோகனும் கொய்ச்சி சசாகியும் சேர்ந்து எடுத்த ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ 1990களின் தொடக்கத்தில் சுமார் 1 லட்சம் செல்களில் தீட்டப்பட்டது. 2025 ஜனவரி 24 அன்று 4கே தரத்தில், தமிழ் உள்ளிட்ட மொழிகளில் அது மறுபடி திரையரங்குக்கு வந்தது. செல் படங்களை ரசிப்பவர்கள் திரையில் தேடும் அடையாளம் ஒன்று உண்டு: உருவத்தின் ஓரத்தில் நூலிழைபோல விழும் நிழல். மேல் தாள் அடித்தாளோடு முழுக்கப் படியாமல், இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் காற்று நின்ற இடம் அது.