சீபியஸ்: ஒரு அரசனின் பெயரும் வெளிச்சத்தை அளந்தவர்களும்

ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை விட்டு வானம் வெளித்திருந்தால், இரவு எட்டு மணி போல வடக்குப் பக்கம் பாருங்கோ. வலப்பக்கத்தில் ஐந்து வெள்ளிகள், ஆங்கில டபிள்யூ எழுத்தைச் சரித்து வைத்த மாதிரித் தெரியும். அது கசியோப்பியா. அதற்கு இடப்பக்கத்தில், அதைவிட மங்கலாக, இன்னும் ஐந்து வெள்ளிகள் இருக்கும். சின்னப்பிள்ளைகள் கீறும் வீடு போல ஒரு சதுரம், ஒரு கூரை. எங்கட நாட்டில் இருந்து பார்க்கும்போது அந்த வீடு தலைகீழாகத் தெரியும். கூரையின் முனை கீழ்நோக்கி, அடிவானத்துக்குக் கிட்ட இருக்கும் துருவ நட்சத்திரத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

இதுதான் சீபியஸ். 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த தொலமி பட்டியலிட்ட 48 விண்மீன் கூட்டங்களில் ஒன்று. இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட 88 கூட்டங்களிலும் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் கண்ணைப் பறிக்கும் ஒரு வெள்ளிகூட இதில் இல்லை. ஒரியனைக் காட்டுகிற ஆட்கள் இதைக் காட்டுவதில்லை. பிறகு ஏன் இதைப் பற்றி எழுதுகிறோம்? பிரபஞ்சம் எவ்வளவு பெரியது என்ற கேள்விக்கு மனிதர்களுக்குக் கிடைத்த முதல் நம்பகமான அளவுகோல் இந்தக் கூட்டத்தில் உள்ள ஒரு மங்கலான வெள்ளியில் இருந்துதான் தொடங்கியது. அதைக் கண்டுபிடித்தவர்களின் கதை, இதற்குப் பெயர் கொடுத்த அரசனின் கதையைவிடப் பெரியது.

ஒன்றும் செய்யாத அரசன்

முதலில் அரசனைப் பார்ப்போம். கிரேக்கக் கதைப்படி சீபியஸ் எத்தியோப்பியாவின் அரசன். அவனுடைய மனைவி கசியோப்பியா. கடல் தேவதைகளைவிடத் தான்தான் வடிவு என்று அவள் பெருமை பேசினாள். கடலின் கடவுள் பொசைடனுக்குக் கோபம் வந்தது. வெள்ளத்தையும் ஒரு கடல் பூதத்தையும் நாட்டின்மேல் ஏவிவிட்டான். குறி கேட்டபோது, மகள் அந்திரொமீடாவைப் பூதத்துக்குப் பலி கொடுக்கவேணும் என்று பதில் வந்தது. அரசன் என்ன செய்தான்? மகளைக் கடற்கரைப் பாறையில் சங்கிலியால் கட்டினான்.

அந்த வழியால் மெடூசாவின் தலையோடு பறந்து வந்த பெர்சியஸ் அவளைக் கண்டான். காப்பாற்றினால் அவளைத் தனக்குத் தரவேணும் என்று பேரம் பேசினான். ரோமக் கவிஞர் ஒவிட் சொல்கிறபடி, தாயும் தகப்பனும் மகளோடு சேர்த்து நாட்டையும் சீதனமாகத் தருவதாக வாக்குக் கொடுத்தார்கள். பெர்சியஸ் பூதத்தைக் கொன்றான். கலியாண விருந்தில் இன்னொரு பிரச்சினை. அந்திரொமீடாவை ஏற்கெனவே சீபியசின் தம்பி பினியசுக்குப் பேசி வைத்திருந்தார்கள். அவன் ஆயுதத்தோடு வந்தான். சண்டை தொடங்கியதும் சீபியஸ் கடவுள்களைச் சாட்சிக்கு அழைத்துவிட்டு மண்டபத்தை விட்டு வெளியே போய்விட்டான்.

இந்தக் கதையில் ஆளாளுக்குப் பேசுகிறார்கள், பேரம் பேசுகிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள். பாறையில் கட்டப்பட்டவளிடம் மட்டும் பெரியவர்கள் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் எல்லாரும் வானத்துக்குப் போனார்கள். அரசன், அரசி, மகள், மருமகன், கடல் பூதம் எல்லாம் இன்றைக்கும் வானத்தில் அக்கம்பக்கமாக இருக்கின்றன.

பழங்கால மக்கள் இதை வெறும் கதையாக மட்டும் வைத்திருக்கவில்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரடோட்டஸ் ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார். பெர்சியசுக்கும் அந்திரொமீடாவுக்கும் பிறந்த பேர்சஸ் என்பவனின் வழிவந்தவர்களே பாரசீகர் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. பாரசீகப் பேரரசன் செர்க்சஸ் கிரேக்கத்தின்மேல் படையெடுக்க முன்னர், பெர்சியசின் ஊரான ஆர்கோசுக்குத் தூது அனுப்பி, "நாங்கள் உங்கட சொந்தக்காரர், சண்டையில் சேராதேங்கோ" என்ற கருத்தில் கேட்டதாக அவர் எழுதுகிறார். வெள்ளிகளின் கதையை வைத்து அரசியல் செய்திருக்கிறார்கள்.

ரோமர்கள் அதைக் காட்சிப் பொருளாகவே ஆக்கினார்கள். அந்திரொமீடாவைக் கட்டிய பாறை இருந்தது ஜொப்பா துறைமுகத்தில், அதாவது இன்றைய யாஃபாவில், என்று ஒரு நம்பிக்கை பரவியிருந்தது. கி.மு. 58இல் ஸ்கோரஸ் என்ற ரோம அதிகாரி அங்கிருந்து "அந்தப் பூதத்தின்" எலும்புக்கூட்டை ரோமுக்குக் கொண்டுவந்து காட்டினான். நீளம் 40 அடி என்று மூத்த பிளினி எழுதிவைத்திருக்கிறார். ஏதாவது திமிங்கிலத்தின் எலும்பாக இருந்திருக்கலாம்.

இன்னொன்றையும் கவனிக்கவேணும். எத்தியோப்பியர் என்ற கிரேக்கச் சொல்லின் பொருளே "வெயிலில் எரிந்த முகம் உடையவர்" என்பதுதான். ஒவிட் தன் வேறு கவிதைகளில் அந்திரொமீடாவைக் கறுத்த நிறத்தவள் என்று சொல்கிறார். ஆனால் 16ஆம் நூற்றாண்டில் டிஷனும் அவருக்குப் பிறகு ரூபன்சும் வரைந்த அந்திரொமீடா நல்ல வெள்ளைத் தோலோடு இருக்கிறாள். அவள் எந்த நாட்டு இளவரசி என்பதைப் படம் பார்ப்பவர்கள் மறந்தே போனார்கள்.

அதே வெள்ளிகள், வேறு பெயர்கள்

கிரேக்கர் அரசனைக் கண்ட இடத்தில் எல்லாரும் அரசனைக் காணவில்லை. கூரை முனையில் உள்ள வெள்ளிக்கு இன்றைய பெயர் எர்ராய். அரபு மொழியில் அதன் பொருள் இடையன். பக்கத்தில் உள்ள அல்ஃபிர்க் என்ற பெயருக்கு மந்தை என்று பொருள். பாலைவனத்தில் ஆடு மேய்த்தவர்கள் அங்கே தங்களைப் போல ஒருவனைக் கண்டிருக்கிறார்கள். சீனாவில் இந்தக் கூட்டத்தின் சில வெள்ளிகளுக்கு சாவோஃபூ என்று பெயர். அவர் பழைய சீன அரசன் ஒருவனின் தேரோட்டி. ஒரே வெளிச்சம்தான். பார்க்கிறவர்களின் வாழ்க்கைக்கு ஏற்றபடி அரசனாக, இடையனாக, தேரோட்டியாக மாறுகிறது.

யோர்க் நகரத்துப் பெடியன்

இனிக் கதை 1784க்குப் போகிறது. இங்கிலாந்தின் யோர்க் நகரத்தில் ஜோன் குட்றிக் என்று ஒரு பெடியன். 1764இல் நெதர்லாந்தின் குரோனிங்கனில் பிறந்தவர். சின்ன வயதில் வந்த ஒரு வருத்தத்தால் செவிப்புலனை இழந்தார். அந்தக் காலத்தில் செவிப்புலன் இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்பதே அரிது. எடின்பரோவில் தோமஸ் பிரெய்ட்வுட் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தார். பிறகு வோரிங்டனில் கணிதமும் வானியலும் படித்தார்.

யோர்க்கில் அவருக்கு எட்வேர்ட் பிகொட் என்ற கூட்டாளி கிடைத்தார். இரண்டு பேரும் செய்தது கேட்க எளிமையான வேலை. ஒரு வெள்ளியைப் பக்கத்து வெள்ளிகளோடு ஒப்பிட்டு, இன்று இது அதைவிடப் பிரகாசமா, மங்கலா என்று எழுதிவைப்பது. நாளைக்கும் அதையே செய்வது, மறுநாளும் அதையே செய்வது. இப்படிப் பார்த்துத்தான், அல்கோல் என்ற வெள்ளி ஒழுங்கான கால இடைவெளியில் மங்குகிறது என்று குட்றிக் 1783இல் காட்டினார். இருண்ட ஒரு பொருள் அதைச் சுற்றி வந்து மறைப்பதால் இருக்கலாம் என்றும் சொன்னார். நூறு வருடம் கழித்து அது சரி என்று உறுதியானது. அந்த வேலைக்காக ரோயல் சொசைட்டி அவருக்குக் கொப்ளி பதக்கம் கொடுத்தபோது வயது 19.

1784 ஒக்டோபரில் அவருடைய பார்வை சீபியசின் பக்கம் திரும்பியது. டெல்டா சீபை என்ற வெள்ளி 5 நாளும் சுமார் 9 மணித்தியாலமும் கொண்ட ஒரு சுற்றில் பிரகாசமாகி மங்குவதைக் கண்டார். கூட வருவது வேகமாக, குறைவது மெதுவாக. இது அல்கோல் போல மறைப்பால் நடப்பது இல்லை. அந்த வெள்ளியே ஊதிச் சுருங்குகிறது என்பது பின்னர்தான் தெரியவந்தது.

1786 ஏப்ரல் 16இல் அவரை ரோயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தெரிவு செய்தார்கள். நாலு நாள் கழித்து, ஏப்ரல் 20இல் அவர் இறந்துபோனார். வயது 21.

ஹாவர்ட்டின் "கணிப்பான்கள்"

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் ஹென்றியெட்டா லெவிற். 1868இல் அமெரிக்காவில் பிறந்தவர். அவரும் வளர வளரச் செவிப்புலனை இழந்தவர். ஹாவர்ட் வானியல் ஆய்வகத்தில் எட்வேர்ட் பிக்கரிங்கின் கீழ் ஒரு பெண்கள் குழு வேலை செய்தது. "கணிப்பான்கள்" என்றுதான் அவர்களை அழைத்தார்கள். தொலைநோக்கியில் பார்ப்பது ஆண்களின் வேலை. எடுத்த படங்களின் கண்ணாடித் தட்டுகளில் ஆயிரக்கணக்கான புள்ளிகளை அளப்பது பெண்களின் வேலை. லெவிற்றுக்குச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 30 சதம்.

பெரு நாட்டில் இருந்து எடுத்த தென்வானப் படங்கள் அவருடைய மேசைக்கு வந்தன. மகெல்லன் முகில்கள் இரண்டிலும் சேர்த்து, ஒளி மாறும் 1777 வெள்ளிகளை அவர் 1908இல் பட்டியலிட்டார். அதில் ஒரு விசயம் அவருடைய கண்ணில் பட்டது. டெல்டா சீபை போலத் துடிக்கும் வெள்ளிகளில், பிரகாசமானவை மெதுவாகத் துடிக்கின்றன. 1912இல் சிறிய மகெல்லன் முகிலில் உள்ள 25 வெள்ளிகளை வைத்து அதை ஒரு விதியாகவே காட்டினார். அந்த அறிக்கை பிக்கரிங்கின் கையொப்பத்தோடு வெளியானது. தயாரித்தவர் செல்வி லெவிற் என்று முதல் வரியில் ஒரு குறிப்பு மட்டும் இருந்தது.

இது ஏன் பெரிய விசயம்? இரவில் தூரத்தில் ஒரு விளக்குத் தெரிகிறது. அது கிட்ட எரியும் கைவிளக்கா, தூரத்தில் எரியும் வெளிச்சவீடா என்று பார்த்த உடனே சொல்ல முடியாது. ஆனால் விளக்கின் உண்மையான சக்தி தெரிந்தால், எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்துத் தூரத்தைக் கணிக்கலாம். ஒரு வெள்ளி துடிக்கும் காலத்தை வைத்து அதன் உண்மையான பிரகாசத்தை அறியலாம் என்பதுதான் லெவிற் தந்த திறப்பு.

1923 ஒக்டோபரில் எட்வின் ஹபிள் கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன் தொலைநோக்கியால் அப்படி ஒரு வெள்ளியைக் கண்டுபிடித்தார். எங்கே தெரியுமோ? அந்திரொமீடாவில். லெவிற்றின் விதியை வைத்துக் கணித்தபோது, அந்திரொமீடா நெபுலா எங்கட பால்வீதிக்கு வெளியே, மிகத் தூரத்தில் உள்ள இன்னொரு கலக்ஸி என்று தெரிந்தது. ஹபிள் கணித்தது சுமார் 9 இலட்சம் ஒளியாண்டு. இன்றைய கணிப்பு சுமார் 25 இலட்சம். தகப்பனின் பெயர் கொண்ட வெள்ளி வகையை வைத்து மகள் இருக்கும் தூரத்தை அளந்திருக்கிறார்கள்.

லெவிற் அதைக் காணவில்லை. 1921 டிசம்பரில் புற்றுநோயால் இறந்துவிட்டார். 1925இல் நோபல் பரிசுக்கு அவரைப் பரிந்துரைக்க விரும்பிய சுவீடன் கணிதவியலாளர் ஒருவர் ஹாவர்ட்டுக்குக் கடிதம் எழுதினார். அவர் இறந்து மூன்று வருடத்துக்கு மேலாகிவிட்டது என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இந்த வகை வெள்ளிகளை உலகம் இன்றைக்கும் "செபீட்" என்றுதான் அழைக்கிறது. கலியாண மண்டபத்தை விட்டு வெளியே போன அரசனின் பெயர். "லெவிற் விதி" என்ற பெயர் அண்மைக் காலத்தில்தான் மெல்லப் புழக்கத்துக்கு வருகிறது.

பெயர் வைக்கும் உரிமை

பெயர் என்பது பழைய காலத்தோடு முடிந்த விசயம் இல்லை. எர்ராயைச் சுற்றி ஒரு கோள் இருக்கிறது. 2015இல் சர்வதேச வானியல் ஒன்றியம் நடத்திய பொது வாக்கெடுப்பில் அதற்குத் தத்மோர் என்று பெயர் வந்தது. பல்மைரா நகரத்தின் பழைய பெயர் அது. பெயரைப் பரிந்துரைத்தது சிரிய வானியல் சங்கம். அதே வருடம் ஓகஸ்டில்தான் பல்மைராவின் பழம்பெரும் கோயில்களை ஐஎஸ் இயக்கம் வெடிவைத்துத் தகர்த்தது. மண்ணில் இடிக்கப்பட்ட ஊரின் பெயரை அந்த நாட்டு ஆட்கள் வானத்தில் எழுதிவைத்தார்கள்.

2019இல் இலங்கைக்கும் ஒரு வெள்ளியும் அதன் கோளும் பெயர் வைக்கக் கிடைத்தன. வெள்ளிக்கு "சாமய", கோளுக்கு "சமகிய". சமாதானம், ஒற்றுமை. பொருள் நல்லதுதான். ஆனால் இரண்டும் சிங்களச் சொற்கள். ஒற்றுமை என்ற பெயரை ஒரு மொழியில் மட்டும் வைப்பதன் முரண் எங்களுக்குப் படுகிறது. வானத்தின் பெயர்ப் பட்டியலும் யாரோ கூடிப் பேசி எடுத்த முடிவுதான். அடுத்த முறை அந்த மேசையில் நாங்களும் இருக்கவேணும்.

இருக்கிறதற்கு முதலில் பார்க்கத் தெரியவேணும். இதற்குத் தொலைநோக்கி தேவையில்லை. தலைகீழ் வீட்டின் மேல் வலது மூலையில் மூன்று வெள்ளிகள் சின்ன முக்கோணமாக இருக்கும். அதில் ஒன்றுதான் டெல்டா. மற்ற இரண்டும் மாறாதவை: சீற்றா பிரகாசமானது, எப்சிலன் மங்கலானது. டெல்டா சில நாள் சீற்றாவுக்குக் கிட்ட வரும், சில நாள் எப்சிலனைவிட இறங்கிவிடும். ஒரு கொப்பியில் திகதியும் நேரமும் போட்டு, இன்று டெல்டா எதற்குக் கிட்ட என்று எழுதுங்கோ. இரண்டு கிழமை தொடர்ந்தால் அந்த ஐந்து நாள் கணக்கு உங்கட கையெழுத்திலேயே வெளிப்படும். குட்றிக் செய்ததும் இதைத்தான். அப்போது அவருக்கு வயது இருபது.